அவர் காட்டிய கன்னம்

என் கண்ணுக்கு, எங்கள் வீட்டுப் பல் டாக்டர் அம்மாளுக்கு, உன் பாட்டி எழுதுவது.

நான் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. உன் அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள். நான் போன் செய்யும்போதெல்லாம் நீ குளிக்கப் போய்விடுகிறாயாம். நேற்று மட்டும் மூன்று தடவை குளித்திருக்கிறாய். "இவ்வளவு சுத்தமான பிள்ளைய நான் வளர்க்கலையேடி"ன்னு உன் அம்மாவிடம் கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள். அதன் பிறகுதான் காகிதத்தை எடுத்தேன். போன் அடித்து அடித்து ஓய்ந்துபோகும். கடிதம் வாசலில் வந்து கிடந்தால் அதைத் தாண்டிக்கொண்டு போக உனக்கு மனசு வராது. எனக்குத் தெரியும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் அந்த வகுப்பில் கையெழுத்தில் நான்தான் முதல். வரி கோணலாக இருக்கிறது என்று நீ ஒரு இடத்தில்கூட விரல் வைக்க முடியாது. பிழை இருந்தால் அது என் வாத்தியார் செய்தது.

முதலில் தெருச் செய்தி. ஊரடங்கைத் தளர்த்திவிட்டார்கள். தபால்காரர் மறுபடி வருகிறார், எட்டி நின்று கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறார். கடைகளுக்கு முன்னால் சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள் பாதி அழிந்து கிடக்கின்றன, ஆட்கள் பழக்கத்தில் இன்னும் அதற்குள்ளேயே போய் நிற்கிறார்கள். நம் முன்னறைக் கடையை நான் தினமும் திறந்து வைக்கிறேன். தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போகிறார்கள். ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை, ஊரடங்குக்கு முன்பே தைத்து மடித்து வைத்தது. அவன் அம்மா வந்து போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்கு ஏறிவிட்டது. பிள்ளை வளர்ந்துவிட்டான், சட்டை அங்கேயே நின்றுவிட்டது. "பிரிச்சு விட்டுக் கொடுங்களேன், தாத்தா எப்பவும் உள்ள மடிச்சு விட்டுத்தானே தைப்பாரு"ன்னாள். பிரித்துப் பார்த்தேன். விட்டுத்தான் தைத்திருந்தார். விட்டுக் கொடுத்தேன்.

தையல் மிஷினுக்கு மேலே உன் படம் அப்படியே மாட்டியிருக்கிறது. பட்டம் வாங்கிய படம். அளவு கொடுக்க நிற்கிறவர்கள் அதைப் பார்க்காமல் நிற்க முடியாது. அப்படிப் பார்த்துத்தான் ஆணி அடித்தேன். நான் பெருமை பீற்றுகிறேன் என்று இந்தத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அவரவர் பேத்தி பல் டாக்டர் ஆனால் அவரவரும் பீற்றிக்கொள்ளட்டும், நான் தடுக்கவா போகிறேன்?

சரி. வளைத்து வளைத்து எழுதுகிறேன், விஷயத்துக்கு வரவில்லை.

நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். உன் கருவிகளையெல்லாம் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாயாம். "தினமும் தாத்தா முகத்தைப் பார்த்துப் பேசிட்டு எனக்குத் தெரியலையே, மாத்திரை சொல்லித் தள்ளிப் போட்டுட்டேனே, நான் என்ன டாக்டர்"ன்னு உன் அம்மாவிடம் கேட்டாயாம். அந்தக் கேள்விக்குப் பதில் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பது படித்துக்கொண்டு வரும்போது உனக்கே விளங்கும்.

உன் தாத்தா எப்படி வேலை செய்வார் என்று உனக்குத் தெரியும். கழுத்தில் கயிறு கட்டிக் கத்தரிக்கோல் தொங்கும், ஆனால் நூலை அறுப்பது பல்லால். நீ முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது சின்னக் கண்ணாடியை அவர் வாயில் விட்டுப் பார்த்து, முன்பல்லில் பள்ளம் விழுந்திருக்கிறது, கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்தாய். இங்கேயே யாரிடமாவது காட்டி அடைக்கச் சொன்னாய். அதற்கு அவர், "என் வாயில கைய வைக்கிற முதல் டாக்டர் நீதான், நீ படிச்சு முடி, அது வரைக்கும் இந்தப் பல்லு காத்துக்கிட்டிருக்கும்"ன்னு சொல்லிவிட்டார். நீயும் முடித்தாய். வேலைக்குச் சேர்ந்தாய். அடுத்த விடுமுறைக்கு உன்னிடம் வருவதாக இருந்தோம், புதுச் சட்டைகூடத் தைத்து வைத்தார். அதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.

ஊர் அலுவலகத்திலிருந்து வந்து, இருக்கிற துண்டுத் துணியிலெல்லாம் முகக்கவசம் தைத்துத் தரச் சொன்னார்கள். அவருக்குச் சந்தோஷம். சும்மா உட்காரத் தெரியாத ஆள். காதில் மாட்ட எலாஸ்டிக் கிடைக்கவில்லை, கடைகள் மூடிக் கிடந்தன. அதனால் துணியையே நாடாவாகக் கிழித்து வைத்துத் தைத்தார். கத்தரிக்கோலோ மழுங்கிப் போயிருந்தது. சாணை பிடிக்கிறவர் தெருப்பக்கம் வர முடியாது. அழுத்தி அழுத்தி வெட்டிப் பார்த்துவிட்டு, துணி ஓரத்தைக் கடைவாயில் கவ்வி டர்ரென்று கிழிக்க ஆரம்பித்தார். "பேத்தி பார்த்தா உதைப்பா"ன்னேன். "அவ பார்க்கறப்ப கிழிக்க மாட்டேன்"னார். ஒருநாள் கிழிக்கும்போதே கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வலது கீழ்க் கடைவாய்ப் பல். நீ ஓட்டை என்று சொன்ன அதே பல், ஒரு ஓரம் உடைந்து துணியோடு வந்துவிட்டது.

உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். கிராம்பை வைத்துக் கடித்தார். இடது பக்கம் சாப்பிட்டார். உன்னிடம் சொல்லலாம் என்றேன். அந்த வாரம்தான் உன்னைப் பல் வேலையிலிருந்து எடுத்து, மூக்கில் குச்சி விட்டுச் சோதனை எடுக்கிற வேலைக்குப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கும் போக விடாமல் விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். கூட வேலை பார்த்த பெண்ணுக்கு நோய் வந்துவிட்டது என்று போனில் தேம்பித் தேம்பி அழுதாயே, "எனக்கு வீட்டுக்கு வரணும் தாத்தா, நடந்தாவது வந்துருவேன்"னு, அந்த வாரம். அவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பல் வலியினால் இல்லை. "சொன்னா கிளம்பிருவா. பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. இந்தப் பிள்ளை ரோட்டுல நடக்கும். ஒரு பல்லுக்காக அவ நடக்கணுமா?"ன்னார்.

கன்னம் லேசாக உப்ப ஆரம்பித்ததும் அவர் தைத்த முகக்கவசத்தையே எடுத்துக் கட்டிக்கொண்டார். நீ சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுவாயே, அப்போதும் அதோடுதான் வந்து உட்கார்ந்தார். "டாக்டரம்மா முன்னாடி மாஸ்க் இல்லாம உட்காரலாமா, அபராதம் போட்டுட மாட்டாங்க?"ன்னு கேட்டார். நீ சிரித்தாய். அத்தனை நாளில் நீ சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் மறுநாளும் கட்டிக்கொண்டார். அதற்கு மறுநாளும்.

இனிமேல்தான், கண்ணு, நீ கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடித்திருந்தது நான்தான், நடுவில் புகுந்து, "தாத்தாவுக்குக் கொஞ்சம் பல்லு வலிடி"ன்னு போட்டு உடைத்தேன். அவர் என்னை முறைத்தார். நீ உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டர் குரலில் கேட்டாய். எப்போதிருந்து, காய்ச்சல் உண்டா, விழுங்க முடிகிறதா, எந்தப் பக்கம். முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னாய். வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொன்னாய். கன்னத்தைக் காட்டச் சொன்னாய். ஒரு டாக்டர் கேட்க வேண்டியது எதையும் நீ விடவில்லை. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன், எனக்கு அப்போதும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் கழற்றினார். திரும்பினார். "இந்தப் பக்கம்தாம்மா, லேசா வலி, நல்லாப் பாரு, வீக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிக் கன்னத்தைக் காட்டினார்.

அவர் காட்டியது இடது கன்னம்.

துணியில் ஒரு பழுது இருந்தால் அதை உள்ளே தள்ளி, நல்ல பக்கம் மேலே வருகிற மாதிரி மடித்து வைப்பார்களே, அப்படி. வாழ்நாளெல்லாம் துணி மடித்த ஆள். அந்த மடிப்பில் பழுது தெரியாது. உன் வாத்தியார் வந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. நல்ல கன்னத்தைப் பார்த்து, வீக்கம் இல்லை என்று நீ சொன்னது சரி. அதற்கு மாத்திரை சொன்னதும் சரி. வீங்கினாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாய், அதுவும் சரி. போனை வைத்ததும் நான் அவரிடம் சண்டை போட்டேன். "ரெண்டு நாள் மாத்திரை வேலை செய்யட்டும், வத்தலன்னா நானே சொல்லிடறேன்"னார். மாத்திரையில் வீக்கம் கொஞ்சம் வற்றத்தான் செய்தது. "பாரு, என் பேத்தி மருந்து"ன்னு என்னிடம் காட்டிக்கொண்டார். நானும் நம்பினேன்.

போனவரைப் பொய் சொன்னார் என்று எழுத என் கை வரவில்லை, கண்ணு. அதனால்தான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு அங்குலத் துணிகூட யாரையும் ஏமாற்றி எடுக்காதவர் என்று ஊர் பேசுகிறது. ஊர் பேசட்டும், நீ மட்டும் உண்மையைத் தெரிந்துகொள். அவர் ஏமாற்றிய ஒரே ஆள் நீதான். அது உன் மேல் இருந்த பிரியம். அந்தப் பிரியத்தை நீ உன் தப்பு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். உன் அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள், அவளுக்கே பாதிதான் தெரியும்.

ஒரு விடியற்காலையில் வீக்கம் திரும்பி வந்தது. இந்தத் தடவை கன்னத்தில் இல்லை, தாடைக்கு அடியில், கழுத்தைச் சுற்றி. எச்சில் விழுங்க முடியவில்லை, துண்டில் வழிந்தது. பேச்சு பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் யோசிக்கவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தேன். நான் இடுக்கி டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேனே, அந்தப் பல் டாக்டர் வீட்டுக்குத்தான்.

அவர் வாசலை நான் மிதிக்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். "அவரு பல்லு டாக்டரா, ஆணி பிடுங்கறவரு, என் பேத்தி வந்தா இவர் கடையச் சாத்தணும்"ன்னு நான் பேசியதெல்லாம் அவர் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? கீழே கிளினிக் பூட்டிக் கிடந்தது. பல் ராவுகிற மிஷின் தண்ணீரைத் தெளிக்கும், அதில் நோய் பரவும், அதனால் திறக்கக் கூடாது என்று உத்தரவு ஒட்டியிருந்தது. மாடியைப் பார்த்துக் கத்தினேன். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கி வந்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. கம்பிக்கு நடுவில் கையை விட்டுத் தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "அம்மா, இது பல்லு சமாச்சாரம் இல்ல. மூச்சு சமாச்சாரம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேணாம், ஏறுங்க"ன்னு சொல்லித் தன் காரையே எடுத்தார். பழைய பேச்சு ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தடுப்பு போட்ட இடத்தில் போலீஸ்காரர் பாஸ் எங்கே என்று கேட்டார். இடுக்கி டாக்டர் பின்னால் திரும்பி உன் தாத்தாவின் முகக்கவசத்தை இறக்கிக் காட்டினார். "இதுதாங்க பாஸ்"ன்னார். போலீஸ்காரர் தடுப்பைத் தானே இழுத்து நகர்த்தினார்.

ஆஸ்பத்திரியில் அப்படி நகர்த்த ஆள் இல்லை. முதலில் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை, முடிவு வரும் வரை வெளியே போட்டிருந்த கூடாரத்தில் உட்கார வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூட்டை மாதிரி உடுப்புக்குள் வேர்த்து ஊற்ற ஓடிக்கொண்டிருந்தார்கள், எல்லாப் பிள்ளைகளும் உன் வயசு. மூக்கில் குச்சி விட்ட பெண்ணை உன் தாத்தா உற்று உற்றுப் பார்த்தார். உன்னைத்தான் பார்த்தார். அவருக்குப் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு அடைத்தது, முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். இடுக்கி டாக்டர் கூடாரத்துக்கும் கதவுக்குமாக ஓடி, கத்தி, கெஞ்சி, கடைசியில் முடிவு வருவதற்கு முன்பே உள்ளே எடுக்க வைத்தார்.

சக்கர நாற்காலியில் ஏற்றியபோது, கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னாள் நர்ஸ். கத்தரிக்கோல். ஆஸ்பத்திரிக்கும் அதை மாட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவராக எனக்கு மாட்டிவிட்ட நகை அது ஒன்றுதான். அவரால் பேச முடியவில்லை. போன் பேசுகிற மாதிரி கையைக் காதில் வைத்துக் காட்டி, வேண்டாம் என்று விரலை ஆட்டினார். உனக்குச் சொல்லாதே என்று அர்த்தம். கதவு சாத்திவிட்டது. கூட யாரையும் விடவில்லை.

கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். நன்றாக இருக்கிறார் என்றுகூட ஒருநாள் சொன்னார்கள், அன்றைக்குத்தான் உன்னிடம் சின்ன ஆபரேஷன் என்று நான் சொன்னது. அதற்குள் விஷம் நெஞ்சுக்கு இறங்கிவிட்டதாம். அவர் போன பிறகு அந்தச் சோதனை முடிவு வந்தது. அவருக்கு அந்த நோய் இல்லை. ஒரு பல் மட்டும்தான்.

உன்னை வரவிடவில்லை. போனில்தான் பார்த்தாய். அப்போதும் போனைப் பிடித்தது நான்தான். மூடிய துணி என்ன துணி என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்தால் தொட்டுப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

இவ்வளவுதான் நடந்தது. இதில் உன் பங்கு எங்கே இருக்கிறது என்று நீயே தேடிப் பார். நான் தேடிவிட்டேன். அவர் மறைத்தார், நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஊர் பூட்டிக் கிடந்தது. நீ கேட்க வேண்டியதைக் கேட்டாய். உனக்குக் காட்டவில்லை.

நேற்று சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வந்தார். மணிச் சத்தம் கேட்டதும் ஓடினேன். கத்தரிக்கோலைக் கொடுத்துத் தீட்டி வாங்கினேன். "தாத்தா எங்கம்மா?"ன்னு கேட்டார், அவருக்குத் தெரியாது. சொன்னேன். காசு வாங்க மாட்டேன் என்றார், கையில் திணித்து அனுப்பினேன். இப்போது அது வெண்ணெயில் இறங்குகிற மாதிரி வெட்டுகிறது. வெட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி என் விஷயம். நீ மூன்றாம் வருஷப் பரீட்சைக்கு எனக்குப் பல்செட் செய்தாயே, நினைவிருக்கிறதா? அளவெடுத்த அன்று உன் வாத்தியாரம்மாவிடம், "என் பேத்திக்கு மார்க்கக் குறைச்சா கடிச்சிருவேன்"னு சொன்னேன். அப்போது என் வாயில் ஒரு பல்கூட இல்லை. உன் தாத்தா பக்கத்தில் நின்றுகொண்டு, "தையலுக்குக் கொஞ்சம் விட்டுப் பிடிம்மா, உன் பாட்டி இன்னும் பெருத்தாலும் பெருப்பா"ன்னு உனக்கு யோசனை சொன்னார். நான் பெருக்கவில்லை. சிறுத்துவிட்டேன். கீழ்ச் செட் ஆடுகிறது. இடது ஈறில் உராய்ந்து புண்ணாகியிருக்கிறது. கஞ்சிதான் குடிக்கிறேன்.

இடுக்கி டாக்டர் கிளினிக்கைத் திறந்துவிட்டார். தெருவில் பார்க்கும்போது கும்பிடுகிறேன். என் வாயைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டு உட்கார வைத்து, செட்டைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேலைம்மா இது. மாணவி செஞ்சதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க"ன்னார். புண்ணுக்கு மருந்து தடவிவிட்டார். ராவிச் சரி செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். வீம்புக்காகச் சொல்லவில்லை. புண்ணை மறைக்கவில்லை, மருந்து போட்டுக்கொண்டேன், இனி இந்த வீட்டில் யாரும் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதை ராவ வேண்டியது அவர் கை இல்லை.

ரயில் விட ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அலமாரிக்கு மேலே இருக்கிற பெட்டியை உன் அம்மாவை விட்டு இறக்கச் சொல்லாதே, அவளுக்கு முதுகு வலி. நீயே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கு. துடைத்து எடுத்துக்கொண்டு வா. தாத்தாவின் நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறேன். நான் வாயைத் திறந்து உட்காருகிறேன், நீ இரண்டு பக்கமும் பார்.

உன் கை நடுங்காமல் இருக்கட்டும். அந்தக் கை பட்ட வாயெல்லாம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கட்டும்.

எனக்கு வலிக்கிறது, கண்ணு. சொல்லிவிட்டேன்.

உன் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்
உன் பாட்டி